நொண்டாத பசுவைத் தேடி

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கண்டது நம் தமிழ் மொழி. அந்தச் செல்வம் நிற்பதும் நடப்பதும் நான்கு கால்களின் மேல்தான் என்ற எளிய உண்மையை நான் உணர்ந்த இடம் வகுப்பறை அன்று. எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவம்.

எங்கள் வீட்டில் கருப்பி என்றொரு பசு உண்டு. ஹோல்ஸ்டீன் பிரீசியன் இரத்தம் கலந்த கலப்பினப் பசு. நாளொன்றுக்கு 12 லிட்டர் கறந்தவள். என் கல்லூரிக் கட்டணமும் பேருந்துச் செலவும் அவள் மடியிலிருந்து வந்தவை என்று சொன்னால் அது மிகையாகாது. மூன்றாவது கன்றை ஈன்று இரண்டு மாதங்கள் கழிந்த பின், ஒரு நாள் காலையில் பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் நின்றாள். முள் குத்தியிருக்கும் என்றார் தாத்தா. கோமாரியாக இருக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கால்நடை மருத்துவர் வந்து, காலைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, குளம்பின் அடியைக் கத்தியால் சீவிப் பார்த்தார். வெளிப்பக்கக் குளம்பின் அடியில், குதிப்பகுதியை ஒட்டி, காசு அளவில் ஒரு புண் சிவந்து தெரிந்தது.

“இது நேற்று வந்த புண் இல்லை, அம்மா. கன்று போட்ட சமயத்திலேயே உள்ளே ஆரம்பித்துவிட்டது. இப்போதுதான் வெளியே தெரிகிறது” என்றார் மருத்துவர்.

பால் 7 லிட்டராகக் குறைந்தது. அதோடு துன்பம் நிற்கவில்லை. அதே ஆண்டில் தலைச்சன் கன்று ஈன்றிருந்த கருப்பியின் மகளும் சில வாரங்களில் மெல்ல நொண்டத் தொடங்கினாள். மாட்டுத் தரகர் ஒருவர் வந்து, “இது பரம்பரைக் கோளாறு, இரண்டையும் தள்ளிவிடுங்கள்” என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கேட்டார். அன்றிரவு அம்மா என்னிடம், “ஏண்டி, நீதான் உயிரினங்களைப் பற்றிப் படிக்கிறாயே, தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமா?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. மெண்டலின் பட்டாணிச் செடியைப் பற்றிப் பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதத் தெரிந்த எனக்கு, வீட்டுப் பசுவைப் பற்றி ஒரு சொல் சொல்ல முடியவில்லை. அந்த வெட்கமே என்னை நூலகத்திற்கு அனுப்பியது. நான் கற்றதைச் சக மாணவர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளம்பு என்னும் காலணி

பசு இரட்டைக் குளம்பி. ஒவ்வொரு காலிலும் மூன்றாவது, நான்காவது விரல்களே குளம்புகளாக வளர்ந்துள்ளன. ஆக, நான்கு கால்களில் எட்டுக் குளம்புகள். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள உடலை இவ்வெட்டும் தாங்க வேண்டும். நம் நகத்தைப் போலக் கெரட்டின் என்னும் புரதத்தாலான இந்தக் குளம்பு, மாதத்திற்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வளர்கிறது.

குளம்பின் உள்ளே ஓர் எலும்பு உண்டு. அந்த எலும்புக்கும் அடித்தோலுக்கும் இடையே கொழுப்பாலான மெத்தை ஒன்று அமைந்திருக்கிறது. செருப்புக்குள் வைத்த பஞ்சைப் போல, நடக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்கிறது. கன்று ஈனும் காலத்தில் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் தசைநார்கள் சற்றுத் தளர்கின்றன. ஈன்ற பின், பால் சுரப்பதற்காகப் பசு தன் உடற்கொழுப்பைக் கரைக்கும்போது மெத்தையும் மெலியக்கூடும். அப்போது எலும்பு கீழிறங்கி, குளம்பை உண்டாக்கும் உயிருள்ள திசுவை நசுக்குகிறது. அங்கே இரத்தம் கசிந்து குளம்பின் வளர்ச்சி கெடுகிறது. கெட்ட பகுதி வளர்ந்து அடிப்பரப்பை எட்ட இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். மருத்துவர் சொன்னதன் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்கிற்று. பின்னங்காலின் வெளிக்குளம்பு அதிகச் சுமையைத் தாங்குவதால் இப்புண் அங்கேதான் பெரும்பாலும் வருகிறது.

மெல்லிய மெத்தையுள்ள பசுக்களுக்கு அடிப்புண் மிகுதியாக வருவதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இது ஒரு வகை. தொற்றினால் வருவது இன்னொரு வகை. குதியை ஒட்டிய தோலில் செந்நிறப் புண்ணாக வரும் விரல்தோல் அழற்சியை 1974இல் இத்தாலியில் முதன்முதலாக விவரித்தார்கள். டிரெபோனிமா என்னும் சுருள்வடிவப் பாக்டீரியாக்கள் இதற்குக் காரணம். ஈரமும் சாணமும் தேங்கும் தரை இவற்றிற்கு விருந்து. இரு குளம்புகளுக்கும் நடுவே தோல் தடித்துக் கட்டிபோல் வளர்வது மற்றொரு கோளாறு.

பரம்பரையின் பங்கு எவ்வளவு?

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம். நோய்க்கிருமி தாயின் மரபணு வழியாக மகளுக்கு வருவதில்லை. குளம்பின் வடிவம், கொழுப்பு மெத்தையின் பருமன், தோலின் எதிர்ப்பாற்றல் ஆகியவற்றின் வழியாகத் தாங்கும் தன்மையோ தாங்காத தன்மையோதான் வருகிறது. ஆகவே, “நோய் பரம்பரையாக வருகிறது” என்பதைவிட, “நோய்க்கு எளிதில் ஆட்படும் தன்மை ஓரளவு பரம்பரையாக வருகிறது” என்பதே பொருத்தம்.

அந்த “ஓரளவு” எவ்வளவு? மரபியலில் இதை அளக்க மரபுவழித் திறன் என்னும் அளவுகோல் உண்டு. ஒரு மந்தையில் மாட்டுக்கு மாடு காணப்படும் வேறுபாட்டில் எத்தனை பங்கு மரபணுக்களின் வேறுபாட்டால் வந்தது என்பதை அது சொல்கிறது. பால் அளவுக்கு அது நூற்றுக்கு 30 என்ற அளவில் இருக்கிறது. குளம்பு நோய்கள் பெரும்பாலானவற்றிற்கு அது நூற்றுக்கு 10க்கும் குறைவு. 5 என்று வைத்துக் கணக்கிடுவது தவறாகாது. எஞ்சிய 95 பங்கும் தரை, தீவனம், ஈரம், வயது, பராமரிப்பு போன்றவற்றைச் சார்ந்தது.

தரகரின் வாதம் இங்கேயே ஆட்டம் காண்கிறது. தாய் தன் மரபணுக்களில் பாதியைத்தான் மகளுக்குத் தருகிறாள். ஐந்தில் பாதி இரண்டரை. தாய் ஒருமுறை நொண்டினாள் என்பதை மட்டும் வைத்து மகளின் காலைப் பற்றி நாம் சொல்லக்கூடியது மிகமிகச் சொற்பம். அப்படியானால் இருவரும் ஏன் நொண்டினர்? இருவரும் நின்றது ஒரே சிமெண்டுத் தரை. தின்றது ஒரே தீவனம். பரம்பரையின் மீது பழி போடும் முன் நாங்கள் எங்கள் தொழுவத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சிறுதுளி பெருவெள்ளம்

“நூற்றுக்கு ஐந்து என்றால் மரபியலால் என்ன பயன்? விட்டுத் தொலைக்கலாமே!” என்று தோன்றும். விஞ்ஞானிகள் பலரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். ஆனால் ஒரு பசுவைக் கொண்டு சொல்ல முடியாததை ஒரு காளையின் மகள்களைக் கொண்டு சொல்ல முடியும்.

செயற்கைமுறைக் கருவூட்டலில் ஒரு காளைக்குப் பல ஊர்களில், பல பண்ணைகளில் மகள்கள் பிறக்கிறார்கள். ஒருத்தி நின்ற தரை மோசமாக இருக்கலாம். இன்னொருத்தி மணலில் படுத்திருக்கலாம். நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்க்கும்போது தரையின் நன்மை தீமைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எல்லாருக்கும் பொதுவாக எஞ்சி நிற்பது தந்தையின் பங்கு.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மரபுவழித் திறன் நூற்றுக்கு 30 உள்ள பால் அளவைப் பொறுத்தவரை, ஒரு காளையின் மதிப்பை நூற்றுக்கு 50 நம்பகத்துடன் அறிய அதன் 12 மகள்களின் கணக்குப் போதும். நூற்றுக்கு 5 உள்ள குளம்பு நோய்க்கு அதே நம்பகத்தைப் பெற ஏறக்குறைய 80 மகள்கள் வேண்டும். 300 மகள்களின் கணக்குக் கிடைத்தால் நம்பகம் 80ஐ நெருங்கிவிடும். ஆக, மரபுவழித் திறன் குறைவாக இருப்பது, “முடியாது” என்ற தீர்ப்பு அன்று. “நிறைய எழுதிவை” என்ற கட்டளையே ஆகும்.

மேலும், இவ்வாறு பெறும் பயன் தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போகும். தொழுவத்தில் விரித்த ரப்பர் விரிப்பு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். மந்தையில் சேர்ந்த நல்ல மரபணுவோ மகளுக்கும் பேத்திக்கும் செல்லும்.

குளம்பு சீவுபவரின் குறிப்பேடு

எழுதிவைக்கும் இந்த வேலையில் வழிகாட்டியவை வடக்கு ஐரோப்பிய நாடுகள். நார்வே நாட்டில் ஒவ்வொரு பசுவுக்கும் உடல்நல அட்டை எழுதும் முறை 1975இலேயே தொடங்கியது. மடிநோய்க்கும் மரபுவழித் திறன் குறைவுதான். எனினும், அந்த அட்டைகளை நம்பி, 1978 முதல் மடிநோயையும் கணக்கிற்கொண்டு காளைகளைத் தேர்ந்தெடுத்தனர். பாலைப் பெருக்கிக்கொண்டே நோயையும் குறைக்க முடியும் என்பதற்கு நார்வே சிவப்பு என்னும் இனம் சான்றாயிற்று.

குளம்புக்கும் அதே வழியைப் பின்பற்றினர். அந்நாடுகளில் மாடுகளின் குளம்பைச் சீவிச் சமன் செய்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பண்ணை பண்ணையாகச் சென்று, பசுவை இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, ஒவ்வொரு காலாகத் தூக்கி வேலை செய்வார்கள். நொண்டும் மாட்டின் காலை மட்டுமன்றி நொண்டாத மாட்டின் காலையும் அவர்கள் பார்க்கிறார்கள். வெளியே தெரியாத புண்ணும் அவர்கள் கண்ணில் படும். அவர்கள் கண்டதை அங்கேயே பதிவு செய்தால் அதைவிடச் சிறந்த ஆய்வுக் குறிப்பு வேறென்ன இருக்க முடியும்? நார்வேயில் குளம்புப் பதிவுகள் 2004 முதல் தேசியக் கணக்கேட்டில் சேரத் தொடங்கின. ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளும் குளம்பு சீவுபவர்களின் பதிவுகளைக் கொண்டே காளைகளுக்குக் குளம்பு நல மதிப்பெண் தருகின்றன.

ஒருவர் “அடிப்புண்” என்று எழுதுவதை இன்னொருவர் “அழுகல்” என்று எழுதினால் கணக்குக் குழம்பிவிடும் அல்லவா? அதைத் தவிர்க்கவே, கால்நடைப் பதிவுக்கான பன்னாட்டுக் குழுவான ஐகார், ஒவ்வொரு நோய்க்கும் படமும் பெயரும் விளக்கமும் அடங்கிய குளம்பு நலப் படநூல் ஒன்றை 2015இல் வெளியிட்டது. கனடா நாடு 2017இல் விரல்தோல் அழற்சிக்கெனக் காளைகளை மதிப்பிடத் தொடங்கியது. பிரிட்டன் 2018இல் நொண்டுதலுக்கென ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. இந்த வரலாறு முழுவதிலும் முதலில் வந்தது குறிப்பேடு. அதன் பின்னரே மரபியல் வந்தது.

பிறந்த கன்றின் மதிப்பு

பழைய முறையில் ஒரு குறை இருந்தது. காளை வளர்ந்து, மகள்கள் பிறந்து, அவர்கள் கன்று ஈன்று, குளம்பு சீவப்பட்டு, கணக்கு வந்துசேர ஐந்தாண்டுகளுக்கு மேலாகிவிடும். இக்காலத் தாமதத்தை நீக்க வந்ததே மரபுத்தொகுதித் தேர்வு.

பசுவின் செல்லில் 30 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றின் டி.என்.ஏ. இழையில் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாட்டுக்கு மாடு வேறுபடும் இடங்கள் பல இலட்சம். இவ்விடங்களை ஊரெல்லைக் கற்கள் போலக் கொள்ளலாம். எந்த மரபணு என்ன செய்கிறது என்று தெரியாவிட்டாலும், இக்கற்களைக் கொண்டு குரோமோசோமின் எந்தப் பகுதி யாரிடமிருந்து வந்தது என்று அறியலாம். எல்லாக் கற்களின் பயனையும் ஒருசேரக் கணக்கிட்டு விலங்கின் மரபு மதிப்பைக் கூறும் கணித முறையை மியூவிசன், ஹேய்ஸ், கோடார்டு ஆகிய மூவர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்போது அது ஏட்டுக் கணக்காகவே இருந்தது. ஏறத்தாழ 54,000 இடங்களை ஒரே சோதனையில் படிக்கும் சில்லு 2007இன் இறுதியில் வந்தது. பசுவின் முழு மரபுத்தொகுதி 2009இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன், ஜெர்சி இனங்களுக்கு இம்முறையிலான அதிகாரபூர்வ மதிப்பீடு தொடங்கியது.

இன்று, பிறந்த கன்றின் சில ரோமங்களிலிருந்தோ காதுத் திசுவிலிருந்தோ டி.என்.ஏ. எடுத்து, அக்கன்றின் மகள்களுக்கு எத்தகைய குளம்பு அமையும் என்று முன்கூட்டியே மதிப்பிட முடிகிறது. ஆனால் சில்லு தானாக எதையும் சொல்லிவிடாது. டி.என்.ஏ.வும் தெரிந்து, குளம்புப் பதிவும் உள்ள ஆயிரக்கணக்கான மாடுகளை முதலில் ஆராய்ந்து, எந்தக் கல் எதைக் காட்டுகிறது என்று கற்றுக்கொள்ள வேண்டும். விடைத்தாள் இல்லாமல் மதிப்பெண் போட முடியுமா?

“நொண்டாத மரபணு” என்று ஒன்று தனியாக இல்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். குளம்பு நலம் என்பது பற்பல மரபணுக்களின் சிறுசிறு பங்களிப்பால் அமைவது. விரலிடைத் தோல் வளர்ச்சி மட்டும் ஓரளவு விலக்கு. அதற்கு மரபுவழித் திறன் மற்றவற்றைவிடச் சற்று உயர்வு. எட்டாவது குரோமோசோமில் உள்ள ஆர்.ஓ.ஆர்.2 என்னும் மரபணுவோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று 2019இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

பாலும் காலும்

இங்கே ஒரு நெருக்கடியும் உண்டு. அதிகப் பாலுக்கான மரபணுக்கள் சிலவும் குளம்பு நோய்க்கு இடம் தரும் மரபணுக்கள் சிலவும் கைகோத்து வருகின்றன. பாலை மட்டுமே குறியாகக் கொண்டு பல தலைமுறைகள் காளைகளைத் தேர்ந்தெடுத்தால், யாரும் விரும்பாமலே கால் நலிவுறும். ஆனால் இத்தொடர்பு வலுவானதன்று. பால் நிறையத் தரும் காளைகளிலும் நல்ல காலைத் தரும் காளைகள் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்தால் அவற்றைக் கண்டுகொள்ளலாம். பால் மட்டும் எழுதப்பட்ட அட்டையில் அவற்றைக் காண இயலாது.

இந்தச் செய்தி நமக்கும் உரியது. நம் ஊர்க் கலப்பினப் பசுக்களின் உடலில் ஓடுவது அந்த ஹோல்ஸ்டீன், ஜெர்சிக் காளைகளின் இரத்தம். கடல்கடந்த பண்ணைகளில் தேர்ந்தெடுத்ததன் நன்மையும் தீமையும் உறைவிந்துக் குச்சி வழியாக எங்கள் தொழுவத்திற்கும் வந்துசேர்ந்துள்ளன. நம் நாட்டு மாட்டினங்களுக்கென உருவாக்கப்பட்ட கௌ சிப் என்னும் மரபுச் சில்லு 2024 அக்டோபரில் வெளியிடப்பட்டது. கருவி வந்துவிட்டது; மகிழ்ச்சி. ஆனால் கருப்பியின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். சினை ஊசி போட்ட நாள் இருக்கிறது, கன்று ஈன்ற நாள் இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது. காலைப் பற்றி எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

முடிவுரை

அம்மாவிடம் நான் சொன்ன விடை இதுதான்: “கொஞ்சம் வரும், அம்மா. ஆனால் விற்கும் அளவுக்கு இல்லை. முதலில் தரையை மாற்றுவோம்.”

தொழுவத்தின் பாதியில் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மணல் கொட்டினோம். கோமியம் தேங்காமல் வாய்க்கால் வெட்டினோம். பசு படுத்திருக்கும் நேரமெல்லாம் குளம்புக்கு ஓய்வு அல்லவா? மகளின் கால் இரண்டு மாதங்களில் தேறியது. கருப்பிக்குப் புண் ஆறிவிட்டது. ஆனால் நடையில் ஒரு தயக்கம் எஞ்சியிருக்கிறது. பால் 10 லிட்டரைத் தாண்டவில்லை. இருவரும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அடுத்த சினை ஊசிக்கு வந்தவரிடம் அம்மா, “ஐயா, இந்தக் காளையோட மகளுங்க கால் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். “இதுவரைக்கும் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லையே, அம்மா” என்றார் அவர். காளையின் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த எண்ணை ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதன் கீழே மாட்டின் பெயர், தந்தைக் காளையின் எண், ஈன்ற நாள், எந்தக் கால், எந்தக் குளம்பு, என்ன கோளாறு, எத்தனை நாளில் ஆறியது என்று கட்டங்கள் போட்டுள்ளேன். எங்கள் தெருவில் உள்ள 14 மாடுகளை இதுவரை எழுதியாயிற்று. பதினான்கைக் கொண்டு எந்தக் காளையையும் மதிப்பிட முடியாது என்பதை நான் அறிவேன். மேலே சொன்ன கணக்கே அதைக் கூறும். ஆனால் நம் கல்லூரிக்குப் பால் வருமானத்தில் படிக்க வருபவர் நான் ஒருத்தி மட்டும் அல்லள். ஊருக்கு ஒருவர் இப்படி ஒரு நோட்டை வைத்தால், ஒரே காளையின் 80 மகள்களை நாம் எட்டுவது அரிதன்று. விலங்கியல் துறை ஆசிரியர்கள் வழிகாட்டினால், புள்ளியியல் மாணவர்கள் கை கொடுத்தால், அடுத்த ஆண்டு மலரில் கருத்துக்குப் பதிலாகக் கணக்கையே தர முடியும்.

வாயில்லாச் சீவன் தன் கால் வலியைச் சொல்லாது. நாம்தான் பார்த்து எழுத வேண்டும். சக மாணவர்களே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் வீட்டுப் பசுவின் காலை ஒருமுறை குனிந்து பாருங்கள்!